காற்று வராத கார் ஷெட்

நம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு,

மலையில் கட்டும் வீட்டுக்குள் குளிரை நிறுத்துவது எப்படி என்று போன வாரம் மூன்று பேருமாகச் சேர்ந்து கேட்டீர்கள். எந்தப் பலகை, எத்தனை அங்குலம், இடையில் எதை அடைப்பது என்பதற்கெல்லாம் இப்போது புத்தகங்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற என்னைத் தேடி வந்து கேட்க வேண்டிய கேள்வி வேறு. குளிரை முழுக்க நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? நான் ஒருமுறை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்தவன் நடுவில் எழுந்து போய், என் அறை ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. கொடைக்கானலில் பழைய பங்களாக்களைப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய ஒப்பந்தக்காரரிடம் வேலை. ஒரு சுவரைப் பார்த்தால் அதை இடிக்கவோ உயர்த்தவோ கை பரபரக்கும். எதிரில் இருப்பவர் பாதி சொல்வதற்குள் மீதியை நான் சொல்லி முடித்துவிடுவேன், பெரும்பாலும் தவறாக.

ஏரிக்கு மேல் சரிவில் ஒரு பங்களா. முதலாளி மதுரைக்காரர், கோடையில் மட்டும் வருவார். பங்களாவிலிருந்து நாற்பதடி தள்ளித் தனியாக நின்றது கார் ஷெட். வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கல் சுவர், தகரக் கூரை, இரட்டைக் கதவு. உள்ளே கார் நின்று பல வருடம் ஆகியிருந்தது. அதைக் காவலாளி குடும்பத்துக்கு வீடாக மாற்றித் தர வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் பெரிய வேலை ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்ததால், முதன்முதலாக முழுப் பொறுப்பையும் என்னிடம் விட்டார்.

காவலாளியின் பெயர் சிவலிங்கம், அவர் மனைவி பாக்கியம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர்கள். தோட்டத்துக் கடைசியில் ஒரு பலகைக் கொட்டகையில் இருந்தார்கள். முதல் குழந்தை அங்கேதான் பிறந்து, மார்ச்சளி கண்டு, நாற்பது நாள்கூட இருக்கவில்லை. இப்போது பாக்கியம் மறுபடியும் நிறைமாதம்.

நான் அளவெடுக்கப் போன அன்று அவள் வாசலில் வந்து நின்றாள்.

"சார், சொவரு எப்பிடி இருந்தாலும் சரி, தரை எப்பிடி இருந்தாலும் சரி. குளிரு உள்ள வரக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்குறது. விளங்குதா?"

"ஒரு நூலளவுகூட வராது" என்றேன்.

"நூலளவு வந்தாலும் பச்சப்புள்ளைக்கு ஆகாது சார்" என்றாள் அவள், சிரிக்காமல்.

இங்கே வானிலை எப்படி என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காலை பத்து மணிக்குத் தகரத்தில் கை வைக்க முடியாது. பதினொன்றுக்கு மூடுபனி ஏறிவிடும். இரண்டுக்கு மழை. மாலைக்குள் தகரத்தின் அடிப்பக்கம் நீர் கோத்துச் சொட்டத் தொடங்கும். அந்தச் சொட்டுதான் எனக்கு முதல் எதிரி. தகரத்துக்குக் கீழே பலகை அடித்து, இடைவெளியில் சுண்ணாம்பு கலந்த மரத்தூளை நிரப்பினேன். சுவரின் உட்புறமும் அதே மாதிரி. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. இன்றைக்கும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறிடத்தில். சுவரின் தலைக்கும் தகரத்துக்கும் நடுவே, ஷெட்டைச் சுற்றி ஒரு சாண் சந்து இருந்தது. குளிர்காற்று முழுக்க அதன் வழியாகத்தான் வந்தது. அடைக்கச் சொன்னேன். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இத மட்டும் விட்டுருவமே தம்பி. கட்டுனவன் சும்மாவா விட்ருப்பான்? என்னத்துக்கோ விட்ருக்கான்."

"என்னத்துக்குன்னு நான் சொல்றேண்ணே. பெட்ரோல் வாடை போறதுக்கு. இப்ப காரு எங்க இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். "சரி, நீங்க படிச்சவுக" என்று சொல்லிவிட்டுக் கலவையை எடுத்தார். நான் சொன்ன காரணம் சரியானது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தச் சந்து வாடை போகத்தான் விடப்பட்டது. காரணம் தெரிந்ததால் அதற்குமேல் யோசிக்கவில்லை. கார் போனபின் அந்த அறைக்குள் வேறு என்ன எரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கதவின் ஓரங்களில் லாரி டியூபை வெட்டிப் பட்டைபட்டையாக அடித்தேன். ஜன்னல் ஒன்றுதான், கண்ணாடி போட்டு நிரந்தரமாக அடைத்தது. வேலை முடிந்ததும் கதவைச் சாத்தி, இடுக்கு இடுக்காகத் தீக்குச்சி கொளுத்திக் காட்டினேன். சுடர் அசையவே இல்லை. சிவலிங்கம் குழந்தை மாதிரி சிரித்தார். இன்னொரு குச்சி கொளுத்தச் சொல்லிப் பார்த்தார்.

பாக்கியம் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "கணப்பு வெக்கலாந்தானே சார்?"

கணப்பு இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு பழைய சட்டியில் நெருப்பை அள்ளி, பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். நான் புது வெள்ளை அடித்த பலகையை நினைத்தேன்.

"விறகுக் கங்கு வேண்டாம். புகை படிஞ்சு மேல் பலகை கறுத்துடும். கரி போட்டு வைங்க, புகையே வராது. கதவை மட்டும் சும்மா சும்மா திறக்காதீங்க, சூடு போயிடும்."

ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்.

கார்த்திகை மாதம் பெண் குழந்தை பிறந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் குடிபுகுந்தார்கள். அன்று நான் வேறொரு வேலைக்குக் கீலும் தாழ்ப்பாளும் வாங்கப் பழனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போகிற வழியில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போனேன். சிவலிங்கம் வெளியே கரியை நன்றாகச் சிவக்க ஊதி, சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். மணி ஒன்பதரை. விறகு வெட்டப் போகிறேன், சாயங்காலம்தான் வருவேன் என்றார். பாக்கியம் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. ரப்பர் பட்டை இறுகிக் கதவு 'பொத்' என்று பொருந்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெருமையோடு நடந்தேன்.

பஸ் பெருமாள்மலையில் டீக்கு நின்றது. சாரல். கடைக்குள் கூட்டம். டீ மாஸ்டர் சாரலுக்காக ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்தினார். கல்லாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, அதத் தொறலே! கரி அடுப்ப வச்சுக்கிட்டு சாத்துறியே, போன மழைக்கு மயங்கி விழுந்தது மறந்துபோச்சா? அப்பறம் ஒனக்கு எவன் சோடா ஒடைக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் நான் சொன்ன வார்த்தைகள் நினைவுக்கு வந்தன.

புகையே வராது. கதவைத் திறக்காதீங்க. சுடர் அசையவில்லை.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் நின்ற எதிலாவது தொற்றிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன? கண்டக்டர் விசில் ஊதியதும் பஸ்ஸில் ஏறினேன். பங்களாவில் தொலைபேசி உண்டு, ஆனால் பூட்டிய வீட்டுக்குள். போய்ப் பார்த்து, அவள் நன்றாக உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தால்? என்ன சார் திரும்பி வந்துட்டீங்க என்று கேட்டால்? நானே கட்டிய வீட்டை நானே நம்பவில்லை என்றல்லவா ஆகும்? ஏறியது மட்டுமல்ல, உட்கார்ந்து, டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். அறையின் நீளம், அகலம், உயரம். ஒரு சட்டிக் கரி எவ்வளவு காற்றைத் தின்னும். பேனா வளைவுக்கு வளைவு வழுக்கியது. ஒருமுறை ஆபத்து என்று வந்தது. தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். அதற்குள் பஸ் ஐந்து மைல் இறங்கிவிட்டது.

எழுந்து கத்தினேன். பஸ் நின்றது.

"என்ன தம்பி, வாந்தியா?" என்றார் கண்டக்டர்.

"இல்லைங்க. நான் திரும்பிப் போகணும்."

"இந்த மூடுபனியில நடுக்காட்டுல எறங்குறீங்க. வண்டி கெடைக்கலேன்னா என்னையத் திட்டக் கூடாது."

பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ரோட்டின் நடுவில் நின்றேன். கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன், ஓடுவேன், மேல்மூச்சு வாங்கும், நிற்பேன். இரண்டு வண்டிகள் கீழ்நோக்கிப் போயின. அவை போன பிறகு வந்த அமைதியில் என் காதுக்குள் அடித்தது இதயமா, தூரத்து இன்ஜினா என்று பிரிக்க முடியவில்லை. கடைசியில் இரண்டு மஞ்சள் விளக்குகள் மேல்நோக்கி வந்தன. கை இரண்டையும் விரித்துக் குறுக்கே நின்றேன். ஆயக்குடியிலிருந்து கொய்யாப்பழம் ஏற்றி வந்த வேன்.

"சாகணும்னா வேற வண்டி பாருங்க தம்பி, நான் புள்ளகுட்டிக்காரன்" என்றார் டிரைவர்.

"அண்ணே, கொடைக்கானல். வெரசாப் போகணும்."

"வெரசாவா? பின்னாடி கெடக்கிறது கொய்யா. வளைவுல ஒடிச்சேன்னா எல்லாம் கூழாப் போயிரும்."

சொன்னேன். பூட்டிய அறை, கரிக் கணப்பு, பிள்ளை பெற்றவள். அவர் பீடியை வெளியே எறிந்தார்.

"எந்நேரம் வச்சது?"

"ஒம்பதரை."

"புள்ளைக்கு எத்தன நாளு?"

"பன்னெண்டு."

அதற்குப் பிறகு அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் கூடைகள் சரிந்து மோதும் சத்தம் கேட்டது.

பங்களாவை அடைந்தபோது பதினொன்றரை தாண்டியிருந்தது. கதவைத் தட்டினேன். "பாக்கியம்மா!" பதில் இல்லை. மறுபடி தட்டினேன். ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன், கண்ணாடி முழுக்க ஆவி. பிள்ளை பெற்றவள் தனியாக இருக்கிற அறை, உள்ளே தாழ் போட்டிருக்கிறது, எப்படி உடைப்பது? தூங்குகிறாளோ? இன்னும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கலாமா?

"என்னய்யா பூசாரி மாதிரி கூப்பிட்டுக்கிட்டே நிக்கிறீங்க? தள்ளுங்க!" டிரைவர் என்னைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு உதைத்தார். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

உள்ளே புகை இல்லை. வாடை இல்லை. வெள்ளைப் பலகை பளிச்சென்று இருந்தது. வெளியே நடுங்கிக்கொண்டு நின்றவனுக்கு அந்தச் சூடு அவ்வளவு இதமாக இருந்தது. என்னை இன்றும் பயமுறுத்துவது அந்த இதம்தான்.

பாக்கியம் கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், கதவைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தாள். குழந்தை துணிச்சுற்றுக்குள் கட்டிலில் இருந்தது. டிரைவர் குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினார். நான் அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்து வெளியே சாரலில் போட்டேன். அவர் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தார். "அழு தாயி. அழு. ஏலே அழு கழுத!" அது அழ எவ்வளவு நேரம் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. அழுதது. பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் பாக்கியம் கண்ணைத் திறந்தாள். திறந்ததும் வாந்தி எடுத்தாள்.

கொய்யாக் கூடைகளுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். மாலையில், பயப்பட வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார்.

சிவலிங்கம் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் திரும்பி வரலேன்னா சார்..." என்று அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊரில் செய்தி பரவிவிட்டது. நடு வழியில் பஸ்ஸை நிறுத்தி இரண்டு உயிரைக் காப்பாற்றிய பையன். எங்கள் ஒப்பந்தக்காரர் முதுகில் தட்டினார். கொத்தனார் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் முழுக்க அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு, சாப்பிட முடியாமல், எதிரில் யார் வந்தாலும் இவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் போனேன். அவர்கள் பழைய பலகைக் கொட்டகைக்கே திரும்பியிருந்தார்கள். இடுக்குகளில் துணி திணித்திருந்தும் குளிர் உள்ளே அலைந்தது. குழந்தையை மாரோடு அணைத்து மூன்று போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள் பாக்கியம். ஒரே மூச்சில் சொன்னேன். சந்தை அடைக்க வேண்டாம் என்று கொத்தனார் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. கரி போடச் சொன்னதும் நான். கதவைத் திறக்காதே என்றதும் நான். நடந்தது முழுக்க என் தப்பு.

சிவலிங்கத்தின் முகம் மெதுவாக மாறியது. எழுந்து வெளியே போய்விட்டார்.

"எனக்கு அன்னைக்கே விளங்கிருச்சு சார்" என்றாள் பாக்கியம். "தல சுத்துச்சு. அப்ப காத்து எங்கேருந்து வருதுன்னு தேடுனேன். அங்க தோட்டத்து லயத்துல நாங்க இருந்த ஒத்த ரூமு காம்பிராவுல எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்து வரும், திட்டிக்கிட்டே கெடப்போம். இங்க சுத்திச் சுத்திப் பாக்குறேன், ஒரு எடமும் இல்ல. கதவத் தொறக்கலாம்னு நெனச்சேன். சூடு போயிரும்னு சொன்னீங்களே, புள்ளைக்குக் குளிருமேன்னு கொஞ்சம் பொறுத்தேன். அப்பறம் எந்திரிச்சா காலு இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தலையக் குனிஞ்சா ஆச்சா? இந்தக் கொட்டகையில மூத்தது போச்சு. அந்த வீட்டுல எளையது போகப் பாத்துச்சு. குளிருல சாகணுமா, காத்தில்லாமச் சாகணுமா, நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும் வேண்டாம்."

"அப்ப அதுக்கேத்த மாதிரி கட்டுங்க. மூணு நாளுதான். நாலாம் நாளு இந்தப் புள்ள இந்தக் கொட்டகையில இருக்கக் கூடாது."

வெளியே சிவலிங்கம் விறகைப் பிளக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் விடிந்ததும் கொத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றேன். "என்ன தம்பி, இவ்வளவு வெள்ளனே?" என்றார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "சோலியப் பாப்போம் வாங்க" என்றார். இந்தமுறை அவரைப் பேசவிட்டேன். மூலையில் அடுப்பு கட்டி, கூரைக்கு மேல் வரை தகரப் புகைபோக்கி ஏற்றினோம். காற்று அடிக்காத பக்கத்தில் தரைக்குப் பக்கமாக ஒரு துளை, எதிர்ச்சுவரின் உச்சியில் ஒரு துளை. கீழ்த்துளையில் குழாயை வளைத்துப் பதித்தோம், குளிர் நேராகக் கட்டிலில் அடிக்காது. மேல்துளை கைக்கு எட்டாத உயரத்தில். எட்டினால் முதல் உறைபனியிலேயே யாராவது சாக்கைத் திணித்துவிடுவார்கள், நானாக இருந்தால் நானும்கூட. சட்டியில் நெருப்பு அள்ளி உள்ளே கொண்டுவரவே கூடாது என்று நான் சொன்னபோது பாக்கியம் என்னைப் பார்த்த பார்வைக்கு வார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் காலையில் வேலை முடிந்தது. பாக்கியம் குழந்தையோடு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அடுப்ப மூட்டிட்டு நீங்க உள்ள இருங்க சார். கதவச் சாத்திக்கிறேன், தாழு போட மாட்டேன். மத்தியானம் சங்கு ஊதுற வரைக்கும் இருந்து காட்டுங்க. நான் கூப்பிடுவேன், பதில் சொல்லணும்."

போனேன். உட்கார்ந்தேன். அடுப்பு எரிந்தது. வெளியே வெயில் அடிப்பதும் மூடுபனி ஏறுவதும் கண்ணாடியில் தெரிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் வந்தது.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

தலை சுற்றுகிறதா என்று என்னையே கவனித்தேன். ஒவ்வொரு கொட்டாவியையும் எண்ணினேன். கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் கணக்கு என் டிக்கெட்டின் பின்புறத்திலும் இருந்ததே.

"சார்?"

"இருக்கேன்."

பயத்தை மறக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். கீழ்த்துளைக்கு அருகே தீக்குச்சி கொளுத்தினேன், சுடர் உள்நோக்கிச் சாய்ந்தது. சாய்ந்த அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன். அப்போது கூப்பிட்டாள். வரியை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு வரிதான்.

கதவு திறந்துகொண்டது. எப்போதும் என்னிடம் எட்டி நின்றே பேசும் அந்தப் பெண், குழந்தையைப் புருஷன் கையில் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்து, என் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துப் போட்டாள். நோட்டு ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். பங்களாவின் பூச்செடிகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தேன்.

"ஒண்ணும் ஆகலைங்க" என்றேன். "எழுதிக்கிட்டிருந்தேன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அது எனக்கு எப்பிடிங்க சார் விளங்கும்?"

திரும்பி ஓட எனக்கு ஐந்து மைலும் ஒரு டிக்கெட்டும் தேவைப்பட்டன. அவளுக்கு ஒரு பதில் வராதது போதுமாக இருந்தது.

எழுந்து மண்ணைத் தட்டினேன். குழந்தையைத் திரும்ப வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டு, அவள் கதவைக் காட்டினாள்.

"போங்க. மொதல்லேருந்து."